தீபிகா ஏஜென்ட் தேடிய ஐந்து வாரம்

நாமகிரிப்பேட்டையில் ஏஜென்ட்டுகளுக்குப் பஞ்சம் கிடையாது. மஞ்சளுக்கு ஏஜென்ட் உண்டு, மரவள்ளிக் கிழங்குக்கு உண்டு, வீட்டுமனைக்கு உண்டு, கோழி எருவுக்குக்கூட உண்டு. ஆயுள் காப்பீட்டுக்குத் தெருவுக்கு மூன்று பேர். ஆகவே, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலை, இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து தீபிகா, "நான் நடிக்கப் போறேன். அதுக்கு ஒரு ஏஜென்ட்டப் புடிக்கோணும்" என்று சொன்னபோது, ஏஜென்ட் என்ற சொல் அந்த வீட்டில் யாருக்கும் புதிதாகப் படவில்லை. முதல் பாதிதான் தொண்டையில் சிக்கியது.

அவளுடைய அப்பா குருமூர்த்தி சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி வைத்திருந்தார். மஞ்சள் மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து ஏல மண்டிக்கும், மண்டியிலிருந்து குடோனுக்கும் ஏற்றி இறக்குவது அவர் தொழில். அம்மா அங்காளம்மாள் அதே மண்டியில் பத்தொன்பது வருடமாக மஞ்சள் தரம் பிரிக்கிறாள். விரலி மஞ்சள் ஒரு பக்கம், உருண்டை மஞ்சள் ஒரு பக்கம். பள்ளி விடுமுறை விட்டால் தீபிகாவும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பிரிப்பாள். பிரித்ததைவிட அவர்களைச் சிரிக்க வைத்ததுதான் அதிகம். செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு வரும் வியாபாரிகளில் ஒருவரையும் அவள் விட்டு வைத்ததில்லை. விரலி மஞ்சளைக் காதோரம் வைத்து ஒடித்து, சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் ஒருவர். எந்த மஞ்சளை ஒடித்தாலும், சித்திரை வெயிலில் இருபது நாள் காய்ந்ததாகவே இருந்தாலும், "ஈரம்... ஈரம்..." என்று உதட்டைப் பிதுக்கி விலையைக் குறைக்கும் இன்னொருவர். இந்த இரண்டு பேரையும் தீபிகா செய்து காட்டினால், மண்டிப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். கலை உலகத்துக்குத் தன்னை ஒப்படைக்க அவளிடம் இருந்த தகுதி இவ்வளவுதான். இதைவிடக் குறைந்த தகுதியோடு எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள் என்பது அவள் கட்சி.

குருமூர்த்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் வியாபாரம் பேசினார்.

"ராசிபுரம் காலேஜ்ல பி.காம் சீட்டுக்குச் சொல்லி வெச்சிருக்கறேன். அடுத்த மாசம் பதிமூணு, வெள்ளிக்கிழம, சாயந்திரம் அஞ்சு மணி. அதான் கடைசி. அதுக்குள்ளாற உன்ற ஏஜென்ட்ட இங்க கூட்டியாந்து இந்தச் சேர்ல உக்கார வெய்யி. எனக்கு எதுத்தாப்புல உக்காந்து அந்த ஆளு பேசட்டும். பேசிட்டா உனக்கு ஒரு வருசம். நான் ஒண்ணுமே கேக்கமாட்டேன்."

"நெசமாவாங்கப்பா?"

"மாரியாத்தா மேல சத்தியம் சாமி."

அந்த நாற்காலியில் யாரும் வந்து உட்காரப் போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் அவர் மாரியம்மனை இழுத்தார். தீபிகாவுக்கும் அது தெரியும். ஆனாலும் ஒரு வருடம்! வயது பதினேழு. கார்த்திகையில் பதினெட்டு. ஒரு வருடம் கையில் கிடைத்தால் உலகத்தையே புரட்டிவிடலாம் என்று நம்புகிற வயது.

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்தையும் நேராகப் போய்ச் செய்யும் வழக்கம் கிடையாது. பல் வலித்தால்கூட, பல் டாக்டரிடம் போவதற்கு முன்னால் பல் டாக்டரைத் தெரிந்த ஒருவரிடம் போவோம். அங்காளம்மாள் மண்டியில் விசாரித்தாள். மூன்றாம் நாளே ஆள் கிடைத்துவிட்டது. அவளுக்கு அண்ணன் முறையாகும் மதியழகன், சென்னையில், சினிமாவில் இருக்கிறாராம்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள்.

"மாமா, நீங்க சினிமாவுல என்னவா இருக்கறீங்க?"

"எல்லாமே நாந்தான் கண்ணு. நானில்லீன்னா ஷூட்டிங்கே நடக்காது."

"டைரக்டருங்களா?"

"டைரக்டரே என்னய நம்பித்தான் இருக்காரு. நேத்துக்கூட நான் வர லேட்டு. மொத்த யூனிட்டும் பசியில காத்துக் கெடந்துச்சு."

தீபிகா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "மாமா, நீங்க என்ன வேல பாக்கறீங்க?"

"முட்ட."

நாமக்கல்லிலிருந்து வாரம் இரண்டு முறை முட்டை லாரி ஓட்டிக்கொண்டு போகிறார். போகிற இடங்களில் ஒன்று, படப்பிடிப்புகளுக்குச் சாப்பாடு போடுகிற ஒரு மெஸ். ஒரு பெரிய நடிகருக்கு மஞ்சள் கரு இல்லாமல் ஆறு முட்டை வேண்டும் என்பது வரைக்கும் மதியழகனுக்குத் தெரிந்திருந்தது. ஏஜென்ட் யாரையும் தெரியவில்லை. முட்டை ஏஜென்ட் வேண்டுமானால் நாலு பேர் நம்பர் தருவதாகச் சொன்னார்.

அடுத்தது பயோடேட்டா. நடிக்க வாய்ப்பு வாங்கித் தருகிறோம் என்று போனில் விளம்பரம் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். அங்காளம்மாள் தன் ஆயுளில் பார்த்த பயோடேட்டா ஒரே வகை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில், மேலே பிள்ளையார் படம் போட்டு, ராசி, நட்சத்திரம், நிறம், கூடப் பிறந்தவர்கள் என்று ஏற்கெனவே அடித்து வைத்திருப்பார்கள். மகள் பள்ளிக்கு மார்க் ஷீட் வாங்கப் போயிருந்த நேரத்தில், ஒரு நல்ல காரியம் செய்கிற சந்தோஷத்தோடு அதை நிரப்பி, மகளின் போட்டோவையும் ஒட்டி, கடைக்காரப் பெண்ணிடமே சொல்லி, பதினோரு ஏஜென்சிகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பியும் விட்டாள். கடைசி வரியில் இருந்த 'எதிர்பார்ப்பு: நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் கூடாது' என்பதை யாரும் அழிக்கவில்லை.

பதினோரு ஏஜென்சிகளில் ஒன்பது பதில் போடவில்லை. ஒருவர், தன் அக்கா மகனுக்கு உத்திராடம், பொருத்தம் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

"உத்திராடம் நல்ல நச்சத்திரந்தான்" என்றாள் அங்காளம்மாள்.

"அம்மா!"

"சும்மா சொன்னேன்டி. அதுக்குப் போயி..."

மிச்சம் ஒன்று இருந்தது. சேலம் 'விண்மீன் டேலண்ட் மேனேஜ்மெண்ட்'. 'உங்கள் மகளின் புகைப்படம் எங்கள் குழுவை அசத்திவிட்டது. நேரில் வரவும்' என்று பதில். கூடவே இரண்டு தீப்பிழம்புப் படம்.

ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். சேலத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் விண்மீன் இருந்தது. படியேறும்போதே சுவரெல்லாம் நடிகர்களின் படங்கள். அந்த நடிகர்களுக்கும் இந்த ஆபீசுக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தப் படத்தின் கீழும் எழுதவில்லை. நம் வீட்டிலும்தான் முருகன் படம் மாட்டியிருக்கிறோம். முருகன் வந்து போகிறாரா என்ன?

வெளியே பெஞ்சில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஓமலூர்ப் பையன் ஒருவன் உள்ளே போய்விட்டு இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தான். கறுப்புக் கூலிங்கிளாஸ் போட்டிருந்தான். உள்ளே போகும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனான். பெஞ்சில் இருந்த எல்லோரையும் பார்த்துப் பெருமையாகச் சொன்னான்:

"என் கண்ணு பேசுதுன்னு சொல்லிட்டாருங்க."

அடுத்து தீபிகா. உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் நவீன்குமார் முப்பத்தைந்து வயதிருப்பார். மேசைமேல் மூன்று போன். எழுந்து நின்று அங்காளம்மாளைக் கும்பிட்டார். பத்தொன்பது வருடமாக மண்டியில் "ஏ, நகரு" என்பதை மட்டுமே கேட்டிருந்த அங்காளம்மாள் அந்த ஒரு கும்பிடில் உருகிப்போனாள்.

"உக்காருங்கம்மா. பாப்பா, அப்படியே இரு. ஆடாத. ம்ம்... அம்மா, உங்க பொண்ணோட கண்ணு பேசுதுங்க."

அங்காளம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தீபிகாவுக்கு ஓமலூர்க் கூலிங்கிளாஸ் ஞாபகம் வந்தது.

"சார், நான் ஒரு ரெண்டு நிமிசம் நடிச்சுக் காட்டட்டுங்களா? மஞ்ச ஏலம் மாதிரி ஒண்ணு பண்ணுவேன்."

"வேண்டியதில்லம்மா. பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. பதினஞ்சு வருச அனுபவம்."

"ரெண்டே நிமிசந்தானுங்க."

"அதெல்லாம் போர்ட்ஃபோலியோ ஷூட் அன்னிக்குப் பாத்துக்கலாம்." ஒரு தாளை நகர்த்தினார். போட்டோ எடுப்பது, பயிற்சி, பதிவுக் கட்டணம், எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம். "இன்னைக்கு ஐயாயிரம் மட்டும் கட்டுனாப் போதும்."

"எங்க ஊட்டுல அப்பாகிட்ட ஏஜென்ட் நேர்ல வந்து பேசோணும்னு..." என்று அங்காளம்மாள் இழுத்தாள்.

"அதுக்கென்னம்மா? புதன்கிழமையே நான் கார்ல வாரேன். அப்பாவுக்கு எதிர்ல உக்காந்து எல்லாம் விளக்கமாச் சொல்லிடறேன்."

கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அதே நாற்காலி, அதில் உட்காரச் சம்மதித்த ஓர் ஏஜென்ட், கார் வேறு. குருமூர்த்தி மாரியம்மன்மேல் சத்தியம் செய்திருக்கிறார், மாற முடியாது. ஒரு வருடம் மேசைமேல், மூன்று போனுக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் கிடந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அம்மா மணிபர்சைத் திறந்துவிட்டாள்.

தீபிகா அந்த ஆளின் கைகளைப் பார்த்தாள். மண்டியில் எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறாள். நல்ல வியாபாரி, மோசமான வியாபாரி, ஈரம் சொல்லி ஏமாற்றும் வியாபாரி, எல்லோரும் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடிப்பார்கள். உள்ளே நிறம் என்ன, காய்ந்திருக்கிறதா, சொத்தையா என்று பார்த்த பிறகுதான் சீட்டில் விலை எழுதுவார்கள். ஒடிக்காமலே விலை சொல்கிற ஆள் மண்டிக்கு வந்தால், அவன் மஞ்சள் வாங்க வந்தவன் இல்லை என்று தரையில் உட்கார்ந்து பிரிக்கிற பெண்களுக்கே தெரியும்.

"அம்மா, எந்திரி."

"என்னடி?"

"எந்திரிம்மா, போலாம்."

"பாப்பா, இந்த ஆஃபர் நாளைக்கு இருக்காது" என்றார் நவீன்குமார்.

"சரிங்க சார். நீங்க அடுத்த கண்ணப் பாருங்க."

நாமகிரிப்பேட்டை வரும் வரைக்கும் பஸ்ஸில் அங்காளம்மாள் ஓயவில்லை. "அந்த மனுசன் எந்திரிச்சு நின்னு கும்புட்டாருடி. உங்கொப்பன் என்னய ஒரு நாளு கும்புட்டுருப்பாரா? கையில வந்து உக்காந்த ஒரு வருசத்தத் தட்டி உட்டுட்டு வார. உனக்கு ஏஜென்ட் கெடைக்கறதுமில்ல, கெடைச்சாலும் நீ உடறதுமில்ல."

தீபிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செய்தது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. சரியானதைச் செய்தால் மனது லேசாகும் என்று ஆறாம் வகுப்பில் படித்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

இந்த முறை அவள் ஏஜென்ட் என்று தேடவில்லை. ஆள் எடுக்கிறவர்கள் யார் என்று தேடினாள். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டது. சேலம் பக்கத்தில் எடுக்கப்போகும் ஒரு சின்னப் படத்துக்கு உள்ளூர் முகங்கள் தேவை. ஆத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. கட்டணம் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோருடன் வரவும். தீப்பிழம்புப் படம் எதுவும் இல்லை. யாரையும் எதுவும் அசத்தவும் இல்லை. இவ்வளவு மரியாதைக் குறைவான ஒரு அறிவிப்பைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்தது. அந்தப் பக்கத்தில் சொல்லியிருந்த பழைய படங்களைத் தேடி எடுத்து, அவற்றின் டைட்டில் கார்டில் அறிவிப்புப் போட்டவர்களின் பெயர் இருப்பதையும் சரிபார்த்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமையா? அன்னிக்குத்தான காலேஜு?" என்றாள் அங்காளம்மாள்.

"காலைல ஆத்தூரு. சாயந்திரம் காலேஜு. நீ வந்தே ஆகோணும்மா. நீ இல்லாம உள்ள உடமாட்டாங்க."

"அங்கயும் கும்புடுவாங்களா?"

"மாட்டாங்க."

கும்பிடவில்லை. அறுபத்தொன்றாம் நம்பர் சீட்டைக் கையில் திணித்து மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். மணமேடை இருக்கும் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கேமரா. அதற்குப் பின்னால் அறிவுச்செல்வி என்கிற பெண். முப்பது வயது இருக்கும். நடிகர்களைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து அறுபது பேரைப் பார்த்த களைப்பில் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். சுவர் ஓரமாக நாலைந்து பேர் நின்றார்கள், அங்காளம்மாளும்.

"என்ன பண்ணப் போற?"

தீபிகா மஞ்சள் ஏலத்தைச் செய்தாள். காதோரம் ஒடிப்பவர், ஈரக்காரர், இருவரும் வந்தார்கள். சுவர் ஓரம் குலுங்கியது. கேமராக்காரரே சிரித்துவிட்டார். அறிவுச்செல்வி பன்னைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை.

"நல்லாருக்கு. இப்ப அதையே சத்தமில்லாமப் பண்ணு. ஒரே ஒரு வியாபாரி. அங்க வேற யாருமே இல்ல."

செய்தாள். ஊசிப்போன வடை மாதிரி இருந்தது. அவளுக்கே தெரிந்தது.

"சரி. அந்த மஞ்சள் யாரோடது?"

"தோட்டக்காரங்களோடதுங்க."

"அவங்க எங்க நிப்பாங்க?"

"மூட்டைக்குப் பின்னால நிப்பாங்க."

"அவங்களப் பண்ணு."

தீபிகாவுக்கு அந்த நொடியில் ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் அவள் மூட்டைக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்ததே இல்லை. அவர்களிடம் சிரிக்க என்ன இருக்கிறது? பத்து மாதம் வளர்த்ததை ஒருவன் ஒடித்து "ஈரம்" என்று சொல்லும்போது, அவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வார்கள்? யோசித்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். மஞ்சளைப் பார்க்காமல் வியாபாரியின் பேனாவைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். சுவர் ஓரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"போதும்" என்றார் அறிவுச்செல்வி. எதையோ எழுதினார். "இந்தப் படத்துக்கு நீ வேண்டாம்மா."

"சரிங்க."

"ஏன்னு சொல்லணுமா?"

"சொல்லுங்க மேடம்."

"ஒவ்வொரு தடவையும் யார் சிரிக்கறாங்கன்னு ஓரக்கண்ணால பாத்துக்கறே. கடைசில மட்டும் பாக்கல. ஆனா அது ஒரு நிமிஷம்கூட நிக்கல. எனக்கு நாப்பது நாள் நிக்கற ஆள் வேணும்."

தீபிகா போகாமல் நின்றாள். "மேடம், எனக்கு ஒரு ஏஜென்ட் வேணும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள."

அறிவுச்செல்வி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "அஞ்சு மணிக்கா? நல்ல ஏஜென்ட் இருக்காங்கம்மா, நான் இல்லேங்கல. ஆனா உன்னை வெச்சு அவங்க யார்கிட்டப் போய் என்னத்தக் காமிப்பாங்க? நாடகம், குறும்படம், நாலு வேலை செஞ்சு அந்த வீடியோவ வெச்சுக்கோ. அப்ப நீயும் போய்க் கேக்கலாம், அவங்களும் தேடுவாங்க. வேலை வாங்கிக் குடுத்துட்டு, உனக்கு வர்ற சம்பளத்துல பங்கு எடுக்கறவங்கதான் ஏஜென்ட். அதுக்கு முன்னாடி கை நீட்டினா அது வேற தொழில். பதினெட்டு ஆகற வரைக்கும் அம்மா இல்லாம எங்கயும் போகாத. நம்பர எழுதி வெச்சுட்டுப் போ. அடுத்து, அறுபத்திரண்டு!"

ராசிபுரம் போகும் பஸ்ஸில் அங்காளம்மாள் மகளை உற்று உற்றுப் பார்த்தாள். நாமகிரிப்பேட்டையைத் தாண்டும் வரைக்கும் பொறுத்தாள்.

"ஏன்டி, வேண்டாம்னுதான சொன்னாங்க?"

"ஆமா."

"அப்பறம் எதுக்கு இளிச்சுக்கிட்டு வார? சேலத்துல ஓணும்னு சொன்னான், மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு வந்த."

"இவங்க ஒடிச்சுப் பாத்துட்டு வேண்டாம்னாங்கம்மா."

அங்காளம்மாள் மகள் பக்கம் திரும்பி, "அந்தக் கடைசில கையக் கட்டிக்கிட்டு நின்னியே, அது மூட்டைக்குப் பின்னால நிக்கற எங்கப்பனாட்டமே இருந்துச்சு" என்றாள்.

கல்லூரி வாசலில் குருமூர்த்தி குட்டி யானையோடு நின்றிருந்தார். பின்னால் எட்டு மஞ்சள் மூட்டை. மணி நாலே முக்கால். பஸ்ஸிலிருந்து இறங்கியது இரண்டு பேர்தான் என்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை, பி.காம் படித்தவர்கள்கூட மறைத்திருக்க முடியாது.

"எங்க சாமி, உன்ற ஏஜென்ட்டு?"

"கெடைக்கலீங்கப்பா."

"போச்சாது போ. தோத்துட்டேன்னு வருத்தப்படாத."

"வருத்தமில்லீங்கப்பா. இது என்ன மூட்ட?"

"செவ்வாக்கெழம ஏலம் போகாத சரக்கு. வெல கட்டலைன்னு தோட்டக்காரரு குடுக்கல. குடோனுக்குக் கொண்டு போறேன்."

"குடோன்ல வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"என்ன கேள்வி இது? அடுத்த செவ்வாக்கெழம மறுக்காப் போடுவோம். அதுலயும் போகலீன்னா அதுக்கடுத்த வாரம். மஞ்ச என்ன அழுகியா போயிரும்?"

"அப்பச் சரிங்க. என்னயக் கொண்டு போயி குடோன்ல போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லூரி வாசலுக்குள் நுழைந்தாள் தீபிகா.

குருமூர்த்தி மனைவியைப் பார்த்தார். "என்ன புள்ள சொல்றா இவ?"

"மூணு வருசத்துக்கு வாடக கட்டுங்கன்னு சொல்றா. நாடகம் போடற காலேஜா இதுன்னு விசாரிச்சீங்களா?"

"நாடகமா?"

உள்ளே, கட்டணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் வரிசை. தீபிகா கடைசியில் போய் நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்குள் இருந்த கிளார்க்கின் பேனாவையே பார்த்தபடி நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. யாராவது பார்க்கிறார்களா என்று அவள் திரும்பவில்லை.